லாரியின் பின் பிரேக் சேம்பர் போய்விட்டால்: பழைய வண்டிக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஆண்டிபட்டி கணவாயில் இரவு 2 மணி, வாழைத்தார் லோடு. பின்னால் எங்கேயோ ‘ஸ்ஸ்ஸ்’ என்று சத்தம் கேட்டது, மீட்டர் முள் 7 பாரிலிருந்து இறங்கிக்கொண்டே வந்தது, சிவப்பு விளக்கு எரிந்து பஸர் கத்தியது, அப்புறம் பின் சக்கரம் தானாகவே கவ்விக்கொண்டு வண்டி பாதி ரோட்டில் நின்றுவிட்டது. அதற்கு முன் ஏழு வருடம் வண்டி ஓட்டியிருக்கிறேன். சக்கரத்துக்குப் பின்னால் தொங்கும் அந்த இரட்டை டப்பாவுக்குள், அதாவது பிரேக் சேம்பருக்குள், என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

கிளீனர் தம்பி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, “அண்ணே, அந்தப் பக்கத்த மட்டும் அடைச்சுட்டு மெல்ல இறக்கிருவமா?” என்றான். எனக்கும் அதுதான் ஓடியது. உசிலம்பட்டியில் தெரிந்த மெக்கானிக் அண்ணனுக்குப் போன் போட்டேன். அவர் தூக்கக் கலக்கத்திலேயே, “வண்டிய எங்கிட்டும் நகட்டாத. கட்டையப் போடு, கல்ல வையி. சாமான நான் கொண்டு வாரேன்” என்றார். சேம்பரைச் சாக்கில் சுற்றி பைக்கில் கட்டிக்கொண்டு நாலரைக்கு வந்து சேர்ந்தார், விடிவதற்குள் மாட்டிக் கொடுத்தார். வாழைத்தார் சந்தைக்கு மூன்று மணி நேரம் லேட், அவ்வளவுதான் நஷ்டம்.

சேம்பருக்குள் இருக்கும் டயாப்ரம் ஒரு ரப்பர் வட்டு, அரைக் கிலோகூட இருக்காது. முழு சேம்பரே ஒரு ஆள் தூக்கும் சாமான். அதைப் பத்து டன் வண்டியிடம் கொண்டு வருவது சுலபமா, பிரேக் குறைந்த பத்து டன் வண்டியை மலையிறக்கி அதனிடம் கொண்டு போவது சுலபமா? நம்மில் பாதிப் பேர் இரண்டாவதைத்தான் செய்கிறோம்.

எந்த வண்டிக்கு இது

முழு ஏர் பிரேக், எஸ் கேம், டிரம் உள்ள பழைய ஆறு சக்கர லாரிகளுக்கு. டாடா 1613, லேலண்ட் காமெட் வகை வண்டிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 407 மாதிரி ஆயில் பிரேக் வண்டிக்கு இதில் எதுவும் பொருந்தாது. இன்னும் பழைய சில வண்டிகளில் ஹேண்ட் பிரேக் லிவர் வைத்த இரும்புக் கம்பி வேலையாக இருக்கும், அதில் பின் சேம்பரும் முன் சேம்பர் மாதிரி ஒற்றை டப்பாதான். அந்த வண்டிக்காரர்கள் ஸ்பிரிங் பற்றி நான் சொல்வதை விட்டுவிட்டு மற்றதைப் பின்பற்றலாம்.

இரட்டை டப்பா என்றால் இரண்டு வேலை. அச்சுப் பக்கம் இருப்பது சர்வீஸ் பகுதி: பெடலை மிதித்தால் காற்று வந்து டயாப்ரத்தைத் தள்ளும், அது தள்ளுகம்பியைத் தள்ளும், கம்பி ஸ்லாக் அட்ஜஸ்டர் என்ற இரும்புக் கையைத் திருப்பும், அதோடு எஸ் வடிவ இரும்பான எஸ் கேம் திரும்பி லைனரை டிரம்மில் அழுத்தும். பின்னால் இருப்பது பார்க்கிங் பகுதி, அங்கே எல்லாம் தலைகீழ். உள்ளே பெரிய ஸ்பிரிங் ஒன்று எப்போதும் பிரேக்கைப் போட்டுக்கொண்டே இருக்கப் பார்க்கும், காற்றுதான் அதை அமுக்கி வைத்திருக்கும். காற்று போனால் ஸ்பிரிங் ஜெயிக்கும், சக்கரம் கவ்வும். அன்றைக்கு என் வண்டி நின்றதும் இப்படித்தான். கோளாறு அல்ல அது, வண்டி தன்னைத் தானே காப்பாற்றிக்கொண்டது.

முதலில் எது போயிருக்கிறது என்று கண்டுபிடியுங்கள்

இந்த இடத்தில் அவசரப்பட்டால் நல்ல சாமானைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கெட்டதை வைத்துக்கொண்டு நிற்பீர்கள். சமதளத்தில் நிறுத்தி, நாலு பக்கமும் கட்டை போட்டு, எஞ்சினை ஓடவிட்டுக் காற்றை முழுசாக ஏற்றுங்கள். ‘புஸ்’ என்று கட் ஆகும் சத்தம் வந்ததும் எஞ்சினை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் லீக் சத்தம் காதில் விழாது.

ஹேண்ட் பிரேக் போட்டபடி, பெடல் தொடாமல், முதலில் கேளுங்கள். இப்போது முள் இறங்கினால் கோளாறு அநேகமாக சேம்பரில் இல்லை, டேங்க், பைப், வால்வு பக்கம் தேடுங்கள். அடுத்து ஹேண்ட் பிரேக்கை விடுங்கள், வண்டிக்கு அடியில் யாரும் இருக்கக் கூடாது. விட்டதும் பின் டப்பாவின் ஓட்டை வழியாகக் காற்று சீறினால் பார்க்கிங் பகுதி போய்விட்டது. அது அமைதியாக இருந்தால் கிளீனரைப் பெடலை அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். மிதிக்கும்போது மட்டும் சீறி, காலை எடுத்ததும் நின்றால், சர்வீஸ் டயாப்ரம் கிழிந்திருக்கிறது. தள்ளுகம்பி வெளியே வரும் பக்கத்துச் சிறு துளைகளில் சோப்பு நுரை பூசினால் குமிழி சொல்லிவிடும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு, இதில்தான் பலரும் பணத்தை விடுகிறார்கள். ஹேண்ட் பிரேக்கை விட்டதும் சேம்பரில் சத்தமே இருக்காது, ஆனால் ரிலே வால்வின் (பின் சேம்பர்களுக்குக் காற்றைப் பிரித்து விடும் வால்வு) கீழ்வாய் வழியாகவோ பெடலோடு சேர்ந்த ஃபுட் வால்வு வழியாகவோ காற்று வந்துகொண்டே இருக்கும். பார்ப்பவர்கள் ரிலே வால்வு அவுட் என்று புதுசு வாங்கி மாட்டுவார்கள், லீக் அப்படியே இருக்கும். உண்மையில் இரண்டு பகுதிக்கும் நடுவே உள்ள சுவரில் ஒரு சீல் தேய்ந்து, பார்க்கிங் காற்று சர்வீஸ் பக்கம் கசிந்து, வந்த பைப் வழியாகவே திரும்பிப் போய் ரிலே வால்வில் வெளியேறுகிறது. ஒரு பக்கத்துப் பார்க்கிங் பைப்பை, காற்றை இறக்கிவிட்டு, கழற்றிச் சரியான பிளக் போட்டு அடைத்து, மறுபடி காற்று ஏற்றி ஹேண்ட் பிரேக்கை விட்டுப் பாருங்கள். ரிலே வால்வில் சத்தம் நின்றால் அந்தப் பக்கத்துச் சேம்பர்தான் குற்றவாளி.

எதை மாற்றலாம், எதைத் தொடவே கூடாது

சர்வீஸ் டயாப்ரம் என்றால் வட்டை மட்டும் மாற்றலாம், சில நூறு ரூபாயில் முடியும். பார்க்கிங் பகுதியோ நடுச் சீலோ போனால் சேம்பரை முழுசாக மாற்றுங்கள், சில ஆயிரம் ஆகும், ஆகட்டும். பின் டப்பாவைப் பிரித்து உள்ளே கிட் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். அதற்குள் இருக்கும் ஸ்பிரிங் முழுசாக அமுங்கிய நிலையில் ஏறக்குறைய ஒரு டன் விசையோடு இருக்கிறது. டப்பாவின் பாதிகளைச் சேர்த்துப் பிடித்திருக்கும் வளையமான கிளாம்பைத் தப்பாகக் கழற்றினால் மூடி பீரங்கிக் குண்டு மாதிரி வரும், உலகம் முழுக்க இதில் ஆட்கள் செத்திருக்கிறார்கள். கிழிந்த சேம்பரை இரும்புக் கடைக்குப் போடும்போதும் இதே ஆபத்துதான். அங்கே கேஸ் கட்டர் வைக்கும் பையனுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. ஸ்பிரிங்கைப் பாதுகாப்பாக விடுவிக்க வசதி உள்ள பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

சாமான் வாங்கப் போகும்போது சேம்பரின் டைப் நம்பர் வேண்டும். உடம்பிலோ கிளாம்பிலோ 24, 30 என்று அச்சடித்திருக்கும், டயாப்ரத்தின் பரப்பு இத்தனை சதுர அங்குலம் என்று அர்த்தம். அழிந்துபோயிருந்தால் கிளாம்பின் வெளி விட்டத்தை அளங்கள்: 24 என்றால் ஏழேகால் அங்குலம் வரும், 30 என்றால் எட்டைக் கொஞ்சம் தாண்டும். ஒரே அச்சில் ஒரு பக்கம் 24, மறு பக்கம் 30 மாட்டினால் மிதிக்கும்போதெல்லாம் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். இன்னொன்று, பழைய சேம்பரில் சுந்தரம் கிளேட்டன் என்று இருக்கும், கடைக்காரர் வாப்கோ என்பார், புது டப்பாவில் இசட்எஃப் என்று போட்டிருக்கும், குழம்ப வேண்டாம். 1911ல் நம்ம மதுரையில் தொடங்கிய டிவிஎஸ் குழுமத்தின் கம்பெனிதான் சுந்தரம் கிளேட்டன். 1962ல் இங்கிலாந்துக் கம்பெனி ஒன்றோடு கூட்டுச் சேர்ந்து ஆரம்பித்தது, அந்த ஏர் பிரேக் தொழில் பிறகு வாப்கோவுக்குப் போனது, வாப்கோவை 2020ல் இசட்எஃப் வாங்கியது.

ஸ்பிரிங்கைக் கட்டிப் போடுவது

ஸ்பிரிங்கைக் கட்டுவது என்றால், நீளப் போல்ட் ஒன்றால் அதை அமுங்கிய நிலையிலேயே பிடித்து வைப்பது. சர்வீஸ் டயாப்ரம் மட்டும் மாற்றுவதாக இருந்தாலும் இதைச் செய்யாமல் எந்தக் கிளாம்பிலும் ஸ்பேனர் வைக்கக் கூடாது. கட்டை போட்டாயிற்றா என்று மறுபடி பாருங்கள். ஸ்பிரிங்கைக் கட்டிவிட்டால் அந்தச் சக்கரத்துக்கு ஹேண்ட் பிரேக் கிடையாது, வண்டியைப் பிடித்திருப்பது கட்டைதான்.

கட்டுவதற்கு முன் பின் டப்பாவை டார்ச் அடித்து ஒரு சுற்றுப் பாருங்கள். துரு பிடித்து ஓட்டை விழுந்திருந்தாலோ, நசுங்கியிருந்தாலோ, உள்ளே உடைந்த ஸ்பிரிங் கடகடவென்று ஆடினாலோ தொடாதீர்கள், தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள். நேர் பின்னால் உட்கார்ந்து வேலை செய்யும் பழக்கமும் வேண்டாம், பக்கவாட்டில் இருந்தே செய்யலாம்.

காற்று ஏறுகிற நிலையில் இருந்தால் ஹேண்ட் பிரேக்கை விட்டுக்கொள்ளுங்கள், காற்றே ஸ்பிரிங்கை அமுக்கிக் கொடுத்துவிடும், உங்களுக்கு வேலை மிச்சம். பின் டப்பாவின் நடுவில் ஒரு ரப்பர் மூடி இருக்கும். அதை எடுத்துவிட்டு, டப்பாவின் பக்கவாட்டில் செருகி வைத்திருக்கும் நீளப் போல்ட்டை உள்ளே விட்டு, தட்டில் உட்கார்ந்ததும் வலப்பக்கம் கால் சுற்றுத் திருப்பினால் கொக்கி மாட்டிக்கொள்ளும். இழுத்துப் பாருங்கள், வரக் கூடாது. அப்புறம் வாஷரும் நட்டும் போட்டுக் கை ஸ்பேனரால் இறுக்குங்கள். ஏர் கன்னை வைக்கவே வைக்காதீர்கள், உள்ளே கொக்கி மழுங்கிவிடும். சேம்பரைப் பொறுத்து இரண்டரை, மூன்று அங்குலம் போல்ட் வெளியே நீண்டு நின்றால் ஸ்பிரிங் முழுசாகக் கட்டப்பட்டுவிட்டது. சில மாடலில் போல்ட் பின்னாலேயே நிரந்தரமாக இருக்கும், அதை இடப்பக்கம் திருப்பத் திருப்ப வெளியே வரும்.

காற்றே இல்லாவிட்டால் நட்டைத் திருப்பித்தான் ஸ்பிரிங்கை அமுக்க வேண்டும். கை வலிக்கும், இருபது நிமிடம் ஆகும். துருப் பிடித்த மரைக்கு இரண்டு சொட்டு ஆயில் விடுங்கள்.

டயாப்ரம் மாற்றுவது

இப்போது எல்லா ஏர் டேங்கையும் காலி செய்யுங்கள், மீட்டர் முள் பூஜ்யம் காட்டினாலும் டேங்கின் அடி வால்வைத் திறந்து பாருங்கள். தண்ணீரும் கறுப்பு ஆயிலும் கொட்டினால் உங்கள் டயாப்ரம் ஏன் கிழிந்தது என்பதற்குப் பதில் அங்கேயே கிடைத்துவிட்டது. கம்ப்ரஸர் ஆயில் அடித்தால் ரப்பர் ஊறி உப்பிவிடும்.

கிளாம்புக்குக் குறுக்கே, இரண்டு பாதியிலும் படும்படி, பெயின்டால் ஒரு கோடு போடுங்கள். திரும்பப் பூட்டும்போது பைப் வாய் இருந்த இடத்திலேயே வர இந்தக் கோடுதான் உதவும். தள்ளுகம்பியைக் கொஞ்சம் வெளியே இழுத்து லாக்கிங் பிளையர் ஒன்றைக் கவ்வவிட்டால் உள்ளே உள்ள சின்னத் திரும்பு ஸ்பிரிங் உங்களோடு மல்லுக்கட்டாது. கிளாம்பு நட்டை ஒரு பக்கம் கொஞ்சம், மறு பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றித் தளர்த்துங்கள். இங்கே சொல்வது அச்சுப் பக்கத்து சர்வீஸ் கிளாம்பு மட்டும்தான், பின் டப்பாவின் கிளாம்பு அல்ல. கழன்றதும் பின்பகுதி முழு எடையோடு தொங்கும், பைப்பில் தொங்கவிடாமல் ஒரு ஆள் பிடிக்கட்டும் அல்லது கயிற்றால் சேசிஸில் கட்டுங்கள்.

பழைய வட்டை எடுத்து வெளிச்சத்தில் மடித்துப் பாருங்கள். என் வண்டியில் ஒருமுறை எடுத்தபோது விளிம்பு ஓரமாக நகக்கீறல் அளவு பிளவுதான் இருந்தது, கையில் வளைத்ததும் மீன் வாய் மாதிரித் திறந்தது. மேலூர்ப் பக்கம் கல் குவாரியில் ஓடிய வண்டி அது, உள்ளே ஒரு பிடி கல்தூள் மாவு மாதிரி படிந்திருந்தது. தூசியைத் துணியால் துடைத்து, இரண்டு விளிம்பிலும் துருவைச் சுரண்டி, கை வைத்தால் வழவழவென்று இருக்கும் வரை சுத்தம் செய்யுங்கள். கிரீஸ், டீசல், பசை எதுவும் வேண்டாம், புது வட்டு காய்ந்த நிலையிலேயே உட்கார வேண்டும்.

வட்டைச் சுருக்கமில்லாமல் வைத்து, கோடு பார்த்துச் சேர்த்து, கிளாம்பைப் போட்டு, இரண்டு நட்டையும் சமமாக இறுக்கிக்கொண்டே கிளாம்பைச் சுற்றிச் சின்னச் சுத்தியலால் மெல்லத் தட்டுங்கள். தட்டத் தட்ட இன்னும் அரைச் சுற்று இறங்கும். அது நிற்கும் வரை தட்டுங்கள். இதை விட்டுவிட்டுத்தான் பலர் “புது டயாப்ரமும் லீக்” என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போகிறார்கள்.

முழு சேம்பர் என்றால்

கழற்றுவதற்கு முன்பே, சேம்பர் அடியிலிருந்து கிளிவிஸ் பின் (கம்பியை ஸ்லாக் அட்ஜஸ்டரோடு இணைக்கும் பின்) நடு வரை தள்ளுகம்பியின் நீளத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். புது சேம்பரில் கம்பி நீளமாக வரும், அதே அளவுக்கு அறுக்க வேண்டும். அரை அங்குலம் தப்பினாலும் பிரேக்கின் பலம் குறையும். பெடலை மிதித்த நிலையில் கம்பியும் ஸ்லாக் அட்ஜஸ்டரும் செங்கோணத்தில் நிற்கிறதா என்பதுதான் கடைசிப் பரீட்சை. மாட்டும் நட்டுகளுக்கு 16 மில்லி ஸ்டட் என்றால் 180 முதல் 210 நியூட்டன் மீட்டர் இறுக்கம் வழக்கம். கீழ்ப்பக்கம் பார்க்கும் தண்ணீர்த் துளையின் பிளக்கை மட்டும் எடுத்துவிடுங்கள், மற்றவை அடைத்தே இருக்கட்டும். கிளிவிஸ் பின் கழன்று விழாமல் பூட்டும் காட்டர் பின் புதுசு போடுங்கள், பழையதை நிமிர்த்திப் போடாதீர்கள்.

அட்ஜஸ்ட் செய்வதும் அளப்பதும்

ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கி, அச்சுக்கு அடியில் ஸ்டாண்டு கொடுத்து, ஸ்லாக் அட்ஜஸ்டர் நட்டை லைனர் டிரம்மில் முட்டும் வரை இறுக்குங்கள், அப்புறம் கால் முதல் அரைச் சுற்றுப் பின்னால் விடுங்கள். இறுக்கும்போது தள்ளுகம்பி சேம்பரை விட்டு வெளியே வந்தால் தப்பான பக்கம் திருப்புகிறீர்கள்.

இப்போது தள்ளுகம்பியில், சேம்பர் முகத்தை ஒட்டிச் சாக்பீஸால் கோடு போட்டு, 6 முதல் 7 பார் காற்றில் பெடலை முழுசாக மிதிக்கச் சொல்லி, கோடு எவ்வளவு நகர்ந்தது என்று அளங்கள். டைப் 30 என்றால் இரண்டு அங்குலத்துக்குள், டைப் 24 என்றால் ஒன்றே முக்காலுக்குள் வர வேண்டும். மறு பக்கத்தையும் அளந்து இரண்டும் கிட்டத்தட்டச் சமமாக இருக்கும்படி செய்யுங்கள். எஞ்சினை அணைத்து, பெடலை அழுத்திப் பிடித்தபடி ஒரு நிமிடம் மீட்டரைப் பாருங்கள். முதல் இறக்கத்துக்குப் பிறகு கால் பாருக்கு மேல் விழுந்தால் நான் வண்டியை எடுக்க மாட்டேன்.

கட்டிய போல்ட்டை அவிழ்ப்பது

இதைத் தனியாக எழுதக் காரணம் இருக்கிறது. திருமங்கலம் பக்கம் எங்கள் ஷெட்டில் நானே இரண்டு பக்கமும் டயாப்ரம் மாற்றினேன், இரண்டு ஸ்பிரிங்கையும் கட்டினேன், இடது பக்கத்தை அவிழ்த்தேன், டீ வந்தது, வலது பக்கத்தை மறந்துவிட்டேன். அன்று ராத்திரி எம் சாண்ட் லோடோடு ஒரு சரிவில் ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் வண்டி நான் விட்ட இடத்தில் இல்லை, பத்தடி தள்ளி வேப்பமரத்தில் சாய்ந்து நிற்கிறது. மரத்துக்குக் கீழே கட்டில் போட்டுப் படுப்பவர் அன்றைக்கு ஊரில் இல்லை.

அதனால்: காற்றை முழுசாக ஏற்றி, ஹேண்ட் பிரேக்கை விட்டு, நட்டைத் தளர்த்தி, போல்ட்டை எடுத்துப் பக்கவாட்டுப் பையில் செருகி, ரப்பர் மூடியைப் போடுங்கள். பிறகு ஹேண்ட் பிரேக் போட்டு, கட்டையை எடுத்து, முதல் கியரில் லேசாக இழுத்துப் பாருங்கள், வண்டி நகரக் கூடாது. நான் இப்போதெல்லாம் போல்ட்டைக் கட்டியதும் ஸ்டீயரிங்கில் ஒரு சிவப்புத் துணி கட்டிவிடுகிறேன்.

சரி, அடைத்து ஓட்டவே கூடாதா?

ஒரே ஒரு நிலையில் ஒத்துக்கொள்வேன். பார்க்கிங் பகுதி போய் வண்டி வளைவிலோ நடு ரோட்டிலோ மாட்டிக்கொண்டு, பின்னால் வருபவன் வந்து இடிக்கும் ஆபத்து இருந்தால், கட்டை போட்டு, அந்த ஒரு சேம்பரை மட்டும் கட்டி, அதன் பார்க்கிங் பைப்பைச் சரியான பிளக் போட்டு அடையுங்கள். சர்வீஸ் பைப்பைத் தொடாதீர்கள். காற்று ஏறி நின்று, மிதித்தால் நாலு மூலையிலும் சக்கரம் பிடிக்கிறதா என்று நின்ற இடத்திலேயே பார்த்துவிட்டு, ஓரம் கட்டும் தூரத்துக்கோ, சமதளமாக இருந்தால் பக்கத்துப் பட்டறைக்கோ, நடக்கிற வேகத்தில் போகலாம். அங்கே நின்றதும் முதல் வேலை மறுபடி கட்டை. பைப்பை மடக்கிக் கம்பியால் கட்டுவது, போல்ட்டைச் செருகி டியூப் சுற்றுவது எல்லாம் 7 பாரில் நிற்காது.

சர்வீஸ் டயாப்ரம் போனதை அடைத்துவிட்டு மூன்று மூலை பிரேக்கில் ஓட்டுவதற்கு நான் எந்த வழியும் சொல்ல மாட்டேன். ஆண்டிபட்டி கணவாயோ சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவோ இருந்தால் பேச்சே இல்லை. ஒரு பக்கம் இழுக்கும், மீதி டிரம்கள் சூடேறும், சூடேறிய டிரம் விரியும், தள்ளுகம்பியின் ஓட்டம் இன்னும் கூடும், அடிவாரத்தில் பெடல் இருக்கும், பிரேக் இருக்காது. ஹேண்ட் பிரேக் உராய்கிறது என்று இரண்டு பக்க ஸ்பிரிங்கையும் கட்டியே வைத்துக்கொண்டு, நிறுத்துமிடத்தில் எல்லாம் கல் வைக்கும் ஆட்களையும் பார்த்திருக்கிறேன். உராய்ந்தால் காற்று போதுமான அளவு போகவில்லை அல்லது ஸ்லாக் தப்பாக இருக்கிறது, அதைத் தேடுங்கள். எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு எஃப்சி (தகுதிச் சான்று) வருடா வருடம். எஃப்சி அன்றைக்கு மட்டும் அவிழ்த்துவிட்டு மறுநாள் கட்டுகிறவர்களிடம் எனக்குப் பேச எதுவும் இல்லை.

டூல்ஸ் பெட்டியில் உங்கள் டைப்புக்கு ஒரு டயாப்ரம், இரண்டு பிளக், நாலைந்து காட்டர் பின், நல்ல கட்டை நாலு போட்டு வையுங்கள். டயாப்ரத்தைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும், மதுரைச் சித்திரை வெயிலில் கேபின் மேல் தட்டில் போட்டால் புதுசே பழசாகிவிடும். மாற்றிய மறுநாள் காலை, லோடோடு ஒரு நடை போய் வந்த பிறகு, கிளாம்பு நட்டு இரண்டிலும் மறுபடி ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். கால் சுற்றாவது இறங்கும்.